தில்ஷாத் அக்காவுக்குக் கொண்டுவந்த ஜாடி

பேருந்து உடையார்பாளையத்தில் நின்றபோது அலுவலகத்து முருகேசன் சார் அழைத்தார். "தில்ஷாத் அக்கா தவறிட்டாங்கம்மா. நெஞ்சுவலின்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." நான் "சரிங்க சார்" என்றேன். ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அக்காவிடம் பேசியிருந்தேன். "ஜாடியை மேல வச்சுடாத, மடியிலயே வச்சுக்க" என்றார். துண்டில் சுற்றிய ஜாடி அப்போதும் என் மடியில்தான் இருந்தது.

பெரம்பலூரில் எங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவில் மூன்று வருடம் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர் அக்கா. அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவருடைய ஜாடிப் பைத்தியம் தெரியும். பூவைப் போலவே செய்த பழைய கண்ணாடி ஜாடிகள். லெப்பைக்குடிக்காட்டு வீட்டு அலமாரியில் பதினேழு இருந்தன. ஒன்றிலும் பூ வைக்க மாட்டார். "அதுவே பூ. பூவுக்குள்ள யாராச்சும் பூ வைப்பாங்களா?"

எந்த ஜாடியானாலும் முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். வாயால் ஊதிச் செய்ததென்றால் அங்கே ஒரு வடு இருக்கும். அதைத் தொப்புள் என்பார். மெஷினில் செய்ததென்றால் பக்கவாட்டில் தையல் போலக் கோடு ஓடும்; அது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

பாடாலூரில் ஒரு வீட்டில் தாமரை ஜாடிக்குள் பல் பிரஷ்களைப் போட்டு வைத்திருந்தார்கள். அக்கா பையிலிருந்து புது எவர்சில்வர் சொம்பை எடுத்து நீட்டி, "இதை வச்சுக்கிட்டு அதைக் கொடுங்கம்மா" என்றார். "பிரஷ் போடுற சாமானுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று அந்த அம்மா சிரித்தார். நான் உள்ளே போகாமல் செருப்போடு நின்றிருந்தேன். திரும்பும்போது அக்கா சொன்னார்: "நீ வாயைத் திறந்தா கண்ணாடி ஒண்ணும் உடைஞ்சிடாதுடி."

மீன்சுருட்டியில் என் பெரியம்மா வீட்டில் கரண்டி போட்டு வைத்திருந்த அல்லி ஜாடியைப் பற்றி நான்தான் அவரிடம் சொன்னேன். "உன் பெரியம்மாவை நீயே கேளு. நான் வரமாட்டேன்" என்றுவிட்டார். மூன்று முறை போய், சாப்பிட்டுவிட்டு, கேட்காமலே திரும்பினேன். மூன்று மாதம் போனது. அக்கா தவறிய அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கேட்டேன். "இதுக்காடி நாலு வாட்டி வந்த?" என்று பெரியம்மா கரண்டிகளைக் கொட்டிவிட்டுக் கொடுத்தார். முதல் முறையே கேட்டிருக்கலாம்.

துபாயிலிருந்து மகள் சபீனா வருவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. மூன்றாம் நாள் ஜாடியைக் கொடுக்கப் போனேன். அலமாரி முன்னால் நின்று, "இதெல்லாம் அம்மா எங்க வாங்குனாங்கன்னே எனக்குத் தெரியாதுங்க" என்று சபீனா அழுதார். அறை நிறையப் பெண்கள். நான் எழுந்து, ஒவ்வொரு ஜாடியாகக் காட்டி, அக்கா சொல்லக் கேட்டிருந்தபடி எந்த ஊர், யார் வீடு, அதில் என்ன போட்டு வைத்திருந்தார்கள் என்று பதினேழுக்கும் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"உங்க கையில இருக்குறது?"

துண்டைப் பிரித்துக் கவிழ்த்தேன். தொப்புள் இல்லை. பக்கவாட்டில் கோடு ஓடியது.

"மெஷின்ல செஞ்சது" என்றேன்.

"அப்போ அம்மா எடுத்துக்கிட்டிருக்க மாட்டாங்களா?"

"எடுத்துக்கிட்டிருப்பாங்க. கவிழ்த்துப் பார்க்காம வாங்கிட்டு வந்ததுக்கு ஒரு வாரம் என்னைத் திட்டியிருப்பாங்க."

அழுகையோடு சபீனா சிரித்துவிட்டார். ஜாடியை என் கையிலேயே வைத்து, "நீங்களே வச்சுக்கங்க" என்றார்.

அது இப்போது அலுவலகத்தில் என் மேசைமேல் இருக்கிறது. அதற்குரிய திட்டுதான் எனக்குக் கிடைக்கவில்லை.