போனில் வந்த எழுத்து

எனக்கு வாசிக்கத் தெரியாத காலத்தில், மகள் அனுப்பும் செய்திகளை, தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையில் இருந்த பக்கத்துக் காம்பராக்காரிதான் வாசித்துச் சொல்வாள். மகள் வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். போனில் பேச விடமாட்டார்கள். களவாக எழுதி அனுப்பினால்தான் உண்டு. காம்பராக்காரியோ, "அம்மா, இங்க சாப்பாடு பத்தல" என்பதைக்கூட லயத்து வீடுகளெல்லாம் கேட்கும்படி ஒப்பிப்பாள். முடிந்ததும் "பாவம் புள்ள" என்று உச்சுக்கொட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் பிள்ளையின் பசி இவள் வாய் வழியாகத்தான் எனக்கு வந்து சேர வேண்டுமா?

அந்த எரிச்சலில்தான் பக்கத்து டவுனான இரத்தோட்டையில் நடந்த வகுப்புக்குப் போனேன். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மொழி விழிப்புணர்வுப் பயிற்சியாம். குழந்தைகளின் நாற்காலியில் எங்களைத் திணித்துக் கைதட்டிப் பாடச் சொன்னார்கள். வடக்கிலிருந்து வந்த டீச்சர், எங்கள் பேச்சைத் திருத்தியே பாதி நேரத்தைத் தின்றார்.

"'வந்தாங்க' எண்டு சொல்லக் கூடாது. 'வந்தார்கள்' எண்டு சொல்லுங்கோ."

"'எண்டு'ன்னு மட்டும் சொல்லலாமா டீச்சர்?" என்று கேட்டேன்.

அன்றிலிருந்து அவருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

எழுத்துகள் பிடிபட்டதும் வகுப்பிலேயே போனைத் திறந்து மகளின் செய்தியைப் பார்த்தேன். நான் படித்த எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை. டீச்சரிடம் நீட்டினேன்.

"உங்கட மகள் தமிழை இங்கிலிஷ் எழுத்திலை எழுதியிருக்கிறா. அவவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதோ?"

எங்கே தெரியும்? சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. காம்பராக்காரி வாசிக்கும்போது தமிழாகக் கேட்டதால், எழுத்தும் தமிழ்தான் என்று நம்பியிருந்தேன்.

"அப்ப இந்த எழுத்தச் சொல்லிக் குடுங்க டீச்சர்."

"அது எங்கட பாடத்திலை இல்லை."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. போனில் தமிழ் எழுத்தையாவது வரவழைத்துத் தரும்படி டீச்சரிடம் சொல்லி, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி, "சாப்பிட்டியா மகள்?" என்று அனுப்பினேன். யாரிடமாவது கேட்டாவது வாசிக்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் பதில் வந்தது. வேறு வழியில்லாமல் பக்கத்துக் காம்பராவுக்கே கொண்டுபோனேன். அவள் வாசலில் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்:

"யாருங்க நீங்க? எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது. போன அவங்ககிட்ட குடுங்க."