கொல்லர் என்று நான் சொன்ன மனிதர்

போன வருடம் ஆடி மாதம். பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு மருத்துவமனையில், வெளிநாட்டு நோயாளிகளைக் கவனிக்கும் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. ஈராக், ஓமன் என்று வருபவர்கள் அதிகம் என்பதால், தாம்பரத்தில் ஒரு மாலை வகுப்பில் அரபி படித்துக்கொண்டிருந்தேன்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது தொழில் பெயர்ப் பாடம். அரபியில் பெரும்பாலான சொற்களுக்கு மூன்று மெய்யெழுத்துதான் வேர். நடு எழுத்தை அழுத்தி, பக்கத்தில் ஒரு 'ஆ' நீட்டினால் அந்தத் தொழில்காரர் வந்து நிற்பார். குப்ஸ் என்றால் ரொட்டி, கப்பாஸ் ரொட்டி சுடுபவர். ஹதீத் இரும்பு, ஹத்தாத் கொல்லர். அட, இவ்வளவுதானா என்று குதித்தேன். அடுத்த வகுப்பிலேயே எழுதுபவர் 'காதிப்', ஆசிரியர் 'முதர்ரிஸ்' என்று வேறு வேறு அச்சுகளைக் காட்டித் தலையைச் சுற்ற வைத்துவிட்டார்கள். அஸ்தினாபுரத்தில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் புலம்பிக்கொண்டே போவேன்.

ஒரு நாள் காலை ஈராக்கிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கடுமையான மூச்சுத்திணறல், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. எங்கள் மொழிபெயர்ப்பாளர் அன்று விடுப்பு. கூட வந்த அவருடைய தம்பியோ சிம் கார்டு வாங்கப் போயிருந்தார்.

“என்ன வேலை பார்க்கிறார்னு தெரியுமாம்மா?” என்றார் டாக்டர். பாஸ்போர்ட்டில் பெயரின் கடைசியில் 'அல்-ஹத்தாத்' என்றிருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பெரியவரை ஒரு வார்த்தை கேட்காமல், “கொல்லர் சார், இரும்பு வேலை” என்றேன்.

“அப்போ புகை, இரும்புத்தூள்... சரி, அந்தப் பக்கமே பார்ப்போம்” என்றார் டாக்டர். நுரையீரலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்க்க மறுநாளைக்கு ஏற்பாடானது.

தம்பி திரும்பி வந்ததும், நீங்களும் கொல்லர்தானா என்று அரைகுறை அரபியில் கேட்டேன். அவருக்கு பேங்கில் வேலையாம். அண்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராம். அப்படியானால் ஹத்தாத்? அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா யாரோ இரும்படித்தாராம். அது குடும்பப் பெயராக நின்றுவிட்டது. ஓர் இனிஷியலோடு முடிந்துபோகிற நமக்கு இதெல்லாம் எங்கே தோன்றும்!

பக்கத்தில் இருந்த நர்ஸ், “ஏன்க்கா, நம்ம வார்டுல ராஜான்னு ஒருத்தர் கீறாரே, அவரு இன்னா நாட்டையா ஆள்றாரு?” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரிடம் ஓடினேன்.

அவர் திட்டவில்லை, நேரே வந்தார். “வீட்ல பூனை, பறவை ஏதாவது வளர்க்கறாரான்னு கேளுங்க” என்றார். தம்பி செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். மொட்டைமாடி முழுக்கப் புறாக்கள். நடுவில் பெரியவர், தோளில் ஒரு புறா, முகமெல்லாம் சிரிப்பு. டாக்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். துணுக்கு எடுப்பதைத் தள்ளிவைத்து, வேறு பரிசோதனைகள் செய்யச் சொன்னார். கடைசியில் புறாக்களின் இறகுத் தூசியும் எச்சமும்தான் காரணம் என்று உறுதியானது. மருந்து கேட்டது. பெரியவர் எழுந்து நடந்தார்.

ஊருக்குக் கிளம்பும் அன்று, இனிமேல் புறா வளர்க்கவே கூடாது என்று டாக்டர் மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தம்பியிடம் சொல்லிவிட்டு, அவரோடு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். தம்பி தயங்கித் தயங்கி அதை அண்ணனுக்குச் சொன்னார். பெரியவர் தேம்பித் தேம்பி அழுதார். பிறகு என் பக்கம் திரும்பி வேகமாக ஏதோ கேட்டார். ஒன்றும் புரியவில்லை. தம்பியைப் பார்த்தேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரொட்டிக்காரர், தச்சர், கொல்லர் என்று அத்தனை பேரும் என் நாக்கில் இருந்தார்கள். ஆறுதலாகச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

இப்போது எனக்கு அரபி ஓரளவு நன்றாகவே வருகிறது. ஆனால் அன்று அவருக்கு நாங்கள் மூச்சைத் திருப்பிக் கொடுத்தோமா, உயிரைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினோமா என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.