பேர்லேண்டிலிருந்து கேட்டிக்கு ஒரு தேக்சா கஞ்சி

மாலை 5.20. தங்கை வேனின் கதவைத் திறந்ததும் ஓட்டுநர் இருக்கை தானாகவே பின்னோக்கி நகர்ந்து நின்றது. ஆறடி உயரக்காரருக்கு வசதியான தூரம். என் தங்கை ஷமீமா ஐந்தடிக்கு ஓர் அங்குலம் கூடுதல். அவள் ஏறி உட்கார்ந்து, பொத்தானை அழுத்திப் பிடித்து, இருக்கையை முன்னுக்குக் கொண்டுவந்தாள். கதவின் உட்புறத்தில் 1, 2 என்று இரண்டு பொத்தான்கள். ஒன்றில் அவள் கணவர் நிஜாம் உட்காரும் தூரம் பதிவாகியிருக்கிறது. அவருடைய சாவியால் திறந்தால் வண்டி அந்த இடத்துக்குப் போய்விடும். இரண்டாம் பொத்தானில் எதுவும் பதிவாகவில்லை.

நிஜாம் போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்த சில வாரங்களில் மாரடைப்பில் இறந்தார். டெக்சாஸில் அவர் இல்லாத முதல் ரமலான் இது. சென்னையிலிருந்து நான் வந்து நான்கு நாளாகிறது.

பேர்லேண்ட், ஹூஸ்டனுக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் ஊர். நடந்து போய்ச் சேரக்கூடிய கடை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. ஷமீமா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். மளிகைக்கும் மகளின் பள்ளிக்கும் தன் சிறிய காரில் உள்ளூர்ச் சாலையிலேயே போய் வந்துவிடுவாள். ஃப்ரீவே என்றால் நிஜாம்தான். பதினெட்டு வருடமாக அப்படித்தான்.

கேட்டி, ஹூஸ்டனுக்கு மேற்கே. இங்கிருந்து நாற்பது மைல். அங்கே ஒரு வாடகை மண்டபத்தில் ரமலானின் ஒவ்வொரு சனிக்கிழமையும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் கூடி நோன்பு திறக்கின்றன. கஞ்சி நிஜாம் வீட்டிலிருந்து போகும். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்துக்கறி, தேங்காய்ப்பால், புதினா. இந்த ஊர்க்காரர்கள் நண்டும் இறாலும் அவிக்க வாங்கும் கேஸ் அடுப்பை அவர் அறுபது டாலருக்கு வாங்கி, வீட்டின் பின்புறத்தில் போட்டு, சென்னையிலிருந்து கொண்டுவந்த அலுமினியத் தேக்சாவை ஏற்றுவார்.

இந்த வருடம் கேட்டியிலிருந்து அவருடைய நண்பர் காஜா போன் செய்து, தானே வந்து தேக்சாவை எடுத்துப் போகிறேன் என்றார். ஷமீமா மறுத்துவிட்டாள். காய்ச்சுவது ஒருவர், கொண்டுவருவது ஒருவர் என்று என்றைக்கும் இருந்ததில்லை என்பது அவள் பதில்.

கஞ்சியை இறக்கும் நேரத்தில் ஒரு சிக்கல் வந்தது. நோன்பு வைத்தவர் நுனி நாக்கில் உப்புப் பார்த்துத் துப்பிவிடலாம் என்பார்கள். நிஜாம் அதையும் செய்யமாட்டார். கைக்கணக்கில் மூன்று பிடி போட்டு மூடிவிடுவார். வீட்டில் ஷமீமா, பதினைந்து வயது மகள் ஆயிஷா, நான், மூவருமே நோன்பு.

"நீங்க பிரயாணி, காக்கா. உங்களுக்குத்தான் சலுகை இருக்கே," என்றாள் ஷமீமா; அண்ணனை நாங்கள் காக்கா என்போம். "இன்னைக்கு ஒரு நாள் நோன்பை விட்டிருந்தா உப்பு பார்க்கவாவது யூஸ் ஆகியிருப்பீங்க."

பிறகு அவளும் மூன்று பிடி போட்டாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் கை சிறியது.

தேக்சாவை இரண்டு கம்பளிப் போர்வைகளில் சுற்றி நடு இருக்கையில் வைத்து பெல்ட் போட்டோம். பக்கத்தில் ஆயிஷா. முன்னால் நான், மடியில் வெந்நீர் ஃபிளாஸ்க். பயணப் பிரார்த்தனையான துஆவை எப்போதும் நிஜாம் சத்தமாக ஓதுவார், மற்றவர்கள் ஆமீன் சொல்வார்கள். இன்று ஷமீமா தானே ஓதினாள், குரல் தணிந்து. பின்னாலிருந்து ஆயிஷா ஆமீன் என்றாள்.

5.40. ஹூஸ்டனைச் சுற்றிப் போகும் பெல்ட்வே எட்டில் ஏறினோம். அனுமதி வேகம் அறுபத்தைந்து மைல்; பக்கத்தில் போகிறவர்கள் எண்பதில் போகிறார்கள். ஏறும் பாதை முடிகிற இடத்தில் ஒரு நீள டிரக் எங்களோடு இணையாக வந்தது.

"மாம், யூ ஆர் குட். கோ," என்றாள் ஆயிஷா.

ஷமீமா போனாள். டோல் கம்பிகளைத் தாண்டும்போது அவள் வாய் அசைந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றிருக்க வேண்டும்.

6.15. முன்னால் ஏதோ விபத்து. வரிசை நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. போன் வேறு வழி காட்டியது. அவள் இடப்பக்கம் வர வேண்டிய நேரத்தில் யாரும் இடம்விடவில்லை. வலப்பக்கம் கொண்டுவந்து, தெரியாத ஒரு எக்ஸிட்டில் இறங்கி, முதலில் தென்பட்ட கேஸ் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டாள். கேலன் 2.69 டாலர் என்று போர்டு. நோன்பு திறக்க வேண்டிய நேரம் 7.29.

"காஜா அங்கிளைக் கால் பண்ணலாமா?" மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஷமீமா இறங்கி, பக்கக் கதவைத் திறந்து, போர்வையை விலக்கி, மூடியைக் கொஞ்சம் தூக்கினாள். ஆவி வந்து அவள் கண்ணாடியை மறைத்தது. அப்படியே நின்றாள். நானும் இறங்கி நின்றேன். கஞ்சி வாசனை பெட்ரோல் வாசனையோடு கலந்திருந்தது.

"சூடு போகல, காக்கா," என்றாள். "நேத்து நைட்டு தூங்காம கிடந்து அல்லாஹ்கிட்ட ஒண்ணுதான் கேட்டேன், போய்ச் சேர்ற வரைக்கும் சூடா இருக்கணும்னு. எனக்கு ஓட்ட வரணும்னு கேட்க மறந்துட்டேன்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அதையும் இப்போது கேட்டுக்கொண்டாளா என்று நான் கேட்கவில்லை. மறுபடி வண்டியில் ஏறினாள்.

அடுத்தது ஐ-டென் ஃப்ரீவே. ஒரு திசையில் எத்தனை லேன் என்று எண்ணப் பார்த்து விட்டுவிட்டேன். சூரியன் நேர் எதிரில். அவள் நிழல் தட்டியை இறக்கிக்கொண்டு எழுபதில் போனாள். ஒரு முறை லேன் மாறும்போது தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அந்தத் திருப்பத்தில் தடுமாற்றம் இல்லை. முப்பது வருடம் செய்தித்தாளில் மற்றவர்களின் சாதனைகளைத் தலைப்பாக்கியவன் நான். அந்த நிமிடம் என் தங்கைக்கு ஒரு தலைப்புப் போடச் சொல்லியிருந்தால் பக்கத்தின் எட்டுப் பத்தி அகலத்தையும் கேட்டிருப்பேன்.

7.12. கேட்டி. வாசலில் காத்திருந்த காஜா முதலில் வேனை எட்டிப் பார்த்தார், பிறகு ஓட்டுநர் இருக்கையை. தேக்சாவின் ஒரு காதைப் பிடித்தார். மறு காது என் கையில். கஞ்சி இறுகியிருந்தது, ஃபிளாஸ்க் வெந்நீரை ஊற்றி ஷமீமா கிளறினாள்.

பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு கஞ்சி. காஜா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை இறக்கினார்.

"உப்பு கம்மி," என்றார். பக்கத்திலிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "நிஜாம் பாய் கஞ்சியேதான்."

மேசைக்கு மேசை உப்பு டப்பா கை மாறியது. வருடா வருடம் அவரவர் வீட்டிலிருந்து எடுத்துவருவார்களாம், நிஜாமிடம் சொல்லாமலேயே. இந்த வருடமும் எடுத்துவந்திருந்தார்கள். ஷமீமா பெண்கள் பக்கத்திலிருந்து அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "பதினெட்டு வருஷம் என்கிட்டயும் யாரும் சொல்லலையே," என்றாள்.

தொழுகையும் சாப்பாடும் முடிந்தன. இருட்டில் அவள் ஓட்ட வேண்டாம் என்று நான் நேற்றே காஜாவிடம் போனில் சொல்லி வைத்திருந்தேன். அவர் எங்கள் வேனை ஓட்ட, அவர் மனைவி பின்னால் தங்கள் காரில் வருவதாக ஏற்பாடு. அவர் சாவிக்குக் கை நீட்டினார். ஷமீமா என்னைப் பார்த்தாள். ஏற்பாடு யாருடையது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ரொம்ப தேங்க்ஸ், பாய். வந்த வழிதானே," என்றாள்.

கதவைத் திறந்ததும் இருக்கை பின்னுக்குப் போய் நின்றது. அவள் ஏறி, முன்னுக்குக் கொண்டுவந்தாள். பிறகு இரண்டாம் பொத்தானில் அந்தத் தூரத்தைப் பதிவுசெய்தாள். ஒன்றாம் பொத்தானைத் தொடவில்லை.