மாவு மில் அக்காவின் வில்லை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மாவு மில் அக்கா என்று பெயர். உலோகத் துண்டுகளையும் எஃகுக் குண்டுகளையும் ஒரே ஜாடியில் போட்டுச் சுழற்றி, கண்ணுக்கே தெரியாத பொடியாக்குவது அவள் வேலை. அந்த இரைச்சலில் கத்திக் கத்திப் பழகியதால் வீட்டிலும் அவளுக்கு மெதுவாகப் பேச வராது. "பக்கத்து வீட்டுக்குத் தனியா சொல்லவே வேண்டாம்" என்பார் பஸ் ஓட்டும் கணவர்.

பொடி எதற்கு? ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி என்று வைத்தால் மின்சாரம் தரும் பொருள் ஒன்று உண்டு. அது மின்சாரத்தை ஓட விட வேண்டும், சூட்டை ஓட விடக் கூடாது. இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் எந்தப் பொருளும் முரண்டு பிடிக்கும். அதனால் நன்றாக அரைத்து, இன்னும் நுண்ணிய வேறொரு துகளைக் கலந்து, சூட்டோடு அழுத்தி வில்லையாக்குவார்கள். அந்த நெரிசலில் சூடு தடுக்கி விழும், மின்சாரம் எப்படியோ நழுவிப் போய்விடும். போகும் என்று நம்பித்தான் அவள் தலை நரைக்கும்வரை அரைத்தாள். அதுவும் வருடா வருடம் நீட்டிக்கிற ஒப்பந்த வேலையில்!

மின்சாரத்தையும் சூட்டையும் தனித்தனியே அளந்து, சேர்த்துக் கணக்கிடும் தர எண் ஒருவழியாக வந்தது. பழைய பொருளைவிட ஒன்றரை மடங்கு. கூடத்தின் தலைவர் அவளை அறைக்குக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொன்னார். "வியாழக்கிழமை நம்ம ஆராய்ச்சியைப் பாக்க வெளியிலேருந்து குழு வருது. இந்த எண்ணைக் காட்டினா உன் வேலை நிரந்தரம். அதுக்கு நான் பொறுப்பு." அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

செவ்வாயன்று, குழுவுக்குக் காட்ட ஒரு வில்லையை மெருகேற்றிக்கொண்டிருந்தபோது கை நழுவியது. விழுந்த வில்லை ஏடு ஏடாகப் பிரிந்தது. "அட சனியனே" என்று குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அழுத்தும்போது துகள்கள் எல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துவிட்டிருக்கின்றன! படுத்த வாக்கில் மின்சாரம் சுகமாக ஓடும். குறுக்கே சூடு திணறும். மின்சாரம் அளக்கும் கருவிக்கு நீளத் துண்டு வேண்டும் என்று படுத்த வாக்கில் வெட்டிக் கொடுத்திருந்தாள். சூடு அளக்கும் கருவி மெல்லிய வில்லையைக் குறுக்கே அளந்திருந்தது. அண்ணன் வீட்டு வரவையும் தம்பி வீட்டுச் செலவையும் பார்த்துவிட்டு, ஆகா, குடும்பம் செழிக்கிறது என்று சொன்ன கதை. கூடத்தில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை, இத்தனை நாள் அவளுக்கும்தான்.

மறுநாள் உயரமாக ஒரு வில்லையை அழுத்தி, இரண்டு கருவிக்கும் வேண்டிய துண்டுகளை ஒரே வாக்கில் வெட்டி அளந்தாள். பழைய பொருளைவிடக் கூடுதல்தான், ஆனால் கொசுறு அளவுக்கு. புது எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு தலைவர் அறைக்குப் போனாள்.

"உன்னை யாரு மறுபடி அளக்கச் சொன்னா?" என்றார் தலைவர்.

"யாரும் சொல்லல சார்."

"நாளைக்கு முடியட்டும். அப்புறம் திருத்திக்கலாம். அந்தக் குழுல இதைக் கேக்கற ஆளே கிடையாது."

அவர் சொன்னது வாஸ்தவம். வியாழக்கிழமை குழு அந்த ஒன்றரை மடங்கு எண்ணைப் பார்த்தது, தலையாட்டியது. எழுந்திருக்கும்போது ஒருவர் மரியாதைக்காக, "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார்.

"அந்த எண் தப்புங்க" என்று அவள் ஆரம்பித்தாள். முழுக்கச் சொல்லி முடித்தபோது தலைவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நிரந்தர வேலை என்ற பேச்சு அத்தோடு போயிற்று.

சாயங்காலம் கணவருக்குக் கோபம் வந்தது. அவருக்கும் ஆசை இருந்ததே! "கேக்காததை நீ ஏன் போய்ச் சொன்ன? உனக்கு என்ன தலையெழுத்தா?"

"சொல்லலைன்னா, அந்த எண்ணை நம்பி எங்கேயோ இன்னொருத்தி அரைக்க ஆரம்பிப்பா. அந்த எண் வரவே வராது. தன் கைதான் சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டே அவளுக்கும் தலை நரைச்சுடும்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கணவர் எழுந்து போய், பக்கத்து வீட்டைப் பார்த்த ஜன்னலைச் சாத்தினார்.