வலிக்காத கம்பளி

சீமையில் சிலர் இறைச்சி மட்டுமல்ல, பால், தேன், பட்டு, தோல், கம்பளி எதையும் தொடாமல் வாழ்கிறார்கள் என்று ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் படித்துத் தொலைத்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது. படித்ததையெல்லாம் செய்து பார்க்கும் வியாதி எனக்கு உண்டு. காற்றடித்தால் தோல் ஊறும் வாடை வரும் திண்டுக்கல்லில் டயர் செருப்போடு நடந்தேன். கடுங்காப்பி குடித்தேன். பார்த்தவர்கள் மஞ்சள்காமாலையா என்று அக்கறையாக விசாரித்தார்கள்.

என் மனைவி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். அவளுக்குக் கொடைக்கானலில் ஆசிரியை வேலை கிடைத்தபோதுதான் சிக்கல் வந்தது. அவளுக்கு இளைப்பு உண்டு. மலைக்குக் கீழே இங்கே தூறல் போட்டாலே நெஞ்சு விசிலடிக்கும். ஜூனில் மலையேற வேண்டும். அதற்குள் ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொள்ளக் கம்பளி நூல் வாங்கக் கிளம்பினாள். நான் வாசலை மறித்துக்கொண்டு பருத்தி நூலின் பெருமையைப் பேசினேன்.

"பருத்தி பனியில நனைஞ்சா ஈரத்துணியப் போத்துன மாதிரிதாங்க. உங்க கொள்கைக்குக் குளிராது. எனக்குக் குளிரும்."

"ஆட்டுக்கு வலிக்காத கம்பளியா நான் தேடிக் கொண்டாரேன்."

"மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் நானே கடைக்குப் போயிருவேன்."

பேகம்பூரில் தோல்மண்டி வைத்திருந்த நண்பரிடம் போனேன். கொள்கை வந்தபின் அவர் மண்டிக்குள் நான் கால் வைத்ததில்லை. நான் தெருவில் நிற்பேன். அவரும் பெருந்தன்மையாக வெயிலுக்கு வந்து நின்று பேசுவார்.

"அறுத்த ஆட்டுத்தோல்ல சுண்ணாம்பு தடவி வச்சா மயிரு கையோட வந்துரும், வாத்தியாரே. அதையும் மூட்டை கட்டித்தான் அனுப்புறோம். கடையில வாங்குற கம்பளியில உயிரோட இருந்த ஆடு எது, செத்தது எதுன்னு எப்புடிக் கண்டுபிடிப்பிய?"

"வேற வழியே இல்லையா, பாய்?"

"வேடசந்தூர்ப் பக்கம் ஆடு மேய்க்கிறவுக இருக்காக. கண்ணு முன்னால கத்தரிக்கச் சொல்லுங்க. வேணும்னா ஆட்டுக்கிட்ட ஒரு கையெழுத்தும் வாங்கிக்கங்க."

போனேன். ஆட்டுக்காரர் ஒரு செம்மறியாட்டைப் படுக்கவைத்து, காலைக் கட்டி, பெரிய கத்தரியால் வெட்டினார். ஆட்டைவிட நான்தான் அதிகம் பதறினேன். கட்டை அவிழ்த்ததும் அது எழுந்து உடம்பை உதறிவிட்டு மேயப் போனது. மனம் குளிர்ந்தது. அப்போதே மூட்டையை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"வயசானா இந்த ஆட்ட என்ன செய்வீங்க?"

"சந்தையில குடுத்துருவோம், சாமி. பென்சனா குடுக்க முடியும்?"

வேறு வழியில்லாமல் அந்த ஆட்டையே விலைக்கு வாங்கினேன். அதன் முடியை மட்டும் தனியாகக் கட்டித் தரச் சொன்னேன். ஆட்டுக்காரர் சிறிய மூட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு சட்டைக்கு இம்புட்டு பத்தாதே, சாமி. மத்ததையும் ஓட்டிட்டுப் போறியளா?"

பஸ்ஸில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். ஒரு லாரியில் நானும் ஆடும் வந்து இறங்கினோம். மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கம்பளி எங்க?"

"இது நம்ம ஆடு. இனிமே வருஷா வருஷம்…"

"அதான் மொட்டையா நிக்குதே."

மூட்டையைப் பிரித்து ஒரு பிடி முடியைத் திரித்துக் கழுத்தில் தேய்த்துப் பார்த்தாள். தோல் சிவந்துவிட்டது. "இதுல கயிறு திரிக்கலாம்" என்று திருப்பித் தந்தாள். ஆடு ஆயுள் முடியும்வரை எங்களிடமே இருந்து, வீட்டுக்காரரின் மல்லிகைச் செடியைத் தின்று தீர்த்தது.

மாதக் கடைசியில் கோடைமழை பிடித்துக்கொண்டது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். கெடு முடிந்ததைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். அதற்கு வேண்டிய நியாயமெல்லாம் தயாராக இருந்தது. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அந்த விசில் கேட்டது. குடையை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனேன்.

கடைக்காரர் கருநீலக் கம்பளி நூலை எடுத்துப் போட்டார். எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.

"வடக்கேருந்துண்ணே."

அதற்குமேல் அவருக்கும் தெரியாது. வாங்கிவிட்டேன்.

சிட்டமாக, பெரிய வளையமாகச் சுற்றி வந்த நூலைப் பந்தாகச் சுற்றினால்தான் பின்ன முடியும். என்னை எதிரே உட்காரவைத்து, நீட்டிய இரண்டு கைகளிலும் சிட்டத்தை மாட்டினாள். நூல் மெத்தென்று இருந்தது. அது என் விரல்களுக்குப் பிடித்திருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வேடசந்தூர் ஆட்டைப் போல உதறிக்கொண்டு போனதன் முடியா, சுண்ணாம்பில் ஊறியதன் முடியா என்று கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் இளைத்துக்கொண்டே சுற்றினாள்.

"இதுல செத்த ஆடு எத்தனையோ…" என்று ஆரம்பித்தேன்.

"அசையாதீங்க" என்றாள். "சிக்கு விழுது."