சாப்பிடாதவன் பிடித்த விரால்

என் வாழ்நாளில் ஒரு மீன் துண்டைக்கூட வாயில் வைத்ததில்லை. திருவள்ளூரில் கோயில் மதிலை ஒட்டிய தெருவில், மடைப்பள்ளியில் தளிகை பண்ணும் குடும்பத்தில் பிறந்தவன் நான். அப்படிப்பட்டவன் எழுபதுகளின் தொடக்கத்தில் ஏறக்குறைய இரண்டு வருஷம், ஞாயிறு தவறாமல் ஏரியில் விரால் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொழிற்சாலை மெஷின்களுக்கு எண்ணெய் போடும் முறை என்னுடையது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு வருஷமாக ஒரே ஆளுக்கா அந்த முறை வரும் என்று அவள் கேட்கவில்லை.

அதில் ஒரு விராலைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். தொழிற்சாலையில் எனக்கு அடுத்த வைஸ் மேஜையில் வேலை பார்த்த கூட்டாளியின் மனைவிக்கு ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்திருந்தது. பத்து நாளாகியும் அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். பாலும் சரியாக ஊறவில்லை. உயிரோடு இருக்கிற விராலை வாங்கிக் குழம்பு வைத்துக் கொடுத்தால்தான் உடம்பு தேறும் என்று எளாவூரிலிருந்து வந்திருந்த அவளுடைய அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். அந்த வெயில் காலத்தில் விரால்தான் எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் விடிவதற்குள் ரயிலேறி மெட்ராஸ் போய்விடும்.

கூட்டாளி எங்கெங்கோ அலைந்து ஒரு நாள் ஐஸில் வைத்த விரால் ஒன்றை வாங்கி வந்தான். மாமியார் அதன் கண்ணைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். “டப்பு குடுத்து செத்தத வாங்கிக்கினு வந்துக்கிறியே நைனா. எம் பொண்ணு இன்னா பூனையா?” என்றாள். மறுநாள் இதை என்னிடம் சொல்லும்போது அவன் சிரிக்கத்தான் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, எங்கள் தூண்டிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீன் வாடையே ஆகாத ஒருவன் எப்படி இதில் மாட்டினான் என்பது விளங்காது.

எங்கள் ஊரில் விராலுக்குத் தவளைதான் இரை. உயிருள்ள குட்டித் தவளையின் முதுகில் முள்ளைக் கோத்துக் கோரைப்புல் ஓரமாக விடுவார்கள். கூட்டாளி ஒருமுறை என்னை ஏரிக்கு அழைத்துப் போய் அதைச் செய்து காட்டினான். கரையில் நெடுநேரம் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “தவளைக்குப் பாவம் பாக்குறியே சாமி, விராலுக்குப் பாக்க மாட்டியா?” என்று கேட்டான்.

எங்கள் தொழிற்சாலைக்கு ஒரு பெரிய பிரஸ் மெஷினை நிறுத்திக் கொடுக்க ஜெர்மன்காரர் ஒருவர் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூண்டி பக்கம் மீன் பிடிக்கப் போவார். வேலை முடிந்து ஊருக்குப் போனபோது மேஜை இழுப்பறையில் ஒரு தூண்டிலை மறந்து வைத்துவிட்டார். திறந்து வைத்த ஊக்கைப்போல வளைத்த ஒரு கம்பி. மேல் கையின் நுனியில் இலை மாதிரி ஒரு தகடு. கீழ்க் கையில் ஈயத் தலை, அதன் பின்னால் முள், முள்ளை மறைத்துத் தொங்கும் ரப்பர் குஞ்சம். தண்ணீரில் இழுத்தால் தகடு சுற்றும். சுற்றுகிற தகட்டைக் குஞ்சு மீன் என்று நினைத்து விரால் பாயும். தவளை வேண்டாம், புழு வேண்டாம். என் மனசாட்சிக்காகவே யாரோ செய்து அனுப்பியதுபோல இருந்தது. கூட்டாளி அதற்கு ஃபேன் தூண்டில் என்று பெயர் வைத்தான்.

நாங்கள் டூல் ரூம்காரர்கள். ஒரு சாமான் கையில் கிடைத்தால் அதைப்போல இன்னொன்று செய்யாமல் இருக்க மாட்டோம். மேஸ்திரியிடம் கேட்டு ஸ்கிராப் கூடையிலிருந்து பித்தளைத் தகடும் எவர்சில்வர் தகடும் எடுத்துக்கொண்டோம். கம்பியின் கோணத்தை அளந்தோம். ஈயத் தலையை வெர்னியர் அளவுகோலில் பிடித்துப் பார்த்தோம். குஞ்சத்துக்குச் சைக்கிள் டியூபைக் கீற்றுக் கீற்றாக நறுக்கினோம். சாப்பாட்டு வேளையில் செய்து செய்து ஒரு மாதத்தில் பன்னிரண்டு தயார். மேஜைமேல் வரிசையாக வைத்தால் எது ஜெர்மனி, எது திருவள்ளூர் என்று செய்த எங்களுக்கே தெரியவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏரியில் போட்டால் பன்னிரண்டும் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு வந்தன. தகடு இரண்டு சுற்று சுற்றும், பிறகு நின்றுவிடும். ஈயத்தைக் கூட்டினோம், குறைத்தோம். தகட்டை மாற்றினோம். நான் பித்தளைத் தகட்டைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துக்கொண்டு போனேன். “ஏரில இன்னா சாமி, உற்சவமா?” என்றான் அவன். நான்கு ஞாயிறு வீணாயிற்று. கோபத்தில் நான் அவன் அரம் பிடிப்பதைக் குறை சொன்னேன், அவன் நான் கம்பி வளைப்பதைக் குறை சொன்னான். ஒரு வாரம் பேசிக்கொள்ளவே இல்லை.

கடைசியில் கண்டுபிடித்தது அவன் மனைவிதான். அப்போது அவர்களுக்குக் கல்யாணமான புதிது. அவன் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, ஜெர்மன்காரருடைய தூண்டிலையே கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

“இது கோணிக்கினு கீதே. யாரோ மேல உக்காந்துக்கிறாங்க” என்றாள்.

தினமும் ஊக்கைத் திறந்து மூடுகிறவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்தது, வெர்னியர் பிடித்த எங்களுக்குத் தெரியவில்லை. உண்மையில் மேல் கை அரை விரல் அளவு பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வையும் அளந்து, இம்மி பிசகாமல் பன்னிரண்டிலும் கொண்டுவந்திருந்தோம். மாதிரியில் இருப்பது எதுவும் தப்பாக இருக்காது என்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன நம்பிக்கை. அவள் கம்பியை நேராக நிமிர்த்திக் கொடுத்தாள். “இதுக்குத்தான் ஃபாக்டரில சம்பளம் குடுக்குறாங்களா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு தூண்டில் வேலை செய்தது. எதை எப்போது போடுவது என்பதையும் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டோம். மழை பெய்து தண்ணீர் கலங்கியிருந்தால் அகலமான வட்டத் தகடு. மெதுவாக இழுத்தாலும் சுற்றும், அதன் அதிர்வு கையிலேயே தெரியும், கலங்கலில் மீனுக்குக் கண்ணைவிட அந்த அதிர்வுதான் சேதி. தண்ணீர் தெளிந்திருந்தால் மாவிலை மாதிரி ஒடுங்கிய தகடு, அதுவும் தேய்க்காமல் மங்கலாக. நான் புளி போட்டுத் தேய்த்த அழகெல்லாம் தெளிந்த தண்ணீரில் மீனை விரட்டத்தான் உதவியது. முள் மேல்நோக்கி இருப்பதாலும் மேலே கம்பி காவல் இருப்பதாலும் அல்லிக்கொடிக்குள் போட்டாலும் மாட்டாது. எங்களிடம் நரம்பு சுற்றும் ராட்டினமெல்லாம் கிடையாது. காலிப் பால்பவுடர் டப்பாவில் நைலான் நரம்பைச் சுற்றி, கையால் வீசி, டப்பாவிலேயே சுற்றி இழுப்போம்.

இன்னொன்றையும் கற்றுக்கொண்டோம். தவளையைக் கவ்விய விரால் அதை விழுங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். தகரத்தைக் கவ்வினால் பொறுக்கக் கூடாது. அது தவளை இல்லை என்று தெரிந்த நொடியே துப்பிவிடும். தவளையில் பழகிய கூட்டாளி பொறுத்துப் பொறுத்தே முதல் ஆறு மீனையும் விட்டான். எனக்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லாததால் சட்டென்று சுண்டினேன், மாட்டியது. ஆனால் முள்ளைக் கழற்றுவது எப்போதும் அவன்தான். மீனைத் தொட எனக்குக் கை வராது. பிடிப்பதோடு என் வேலை சரி, சமைப்பது அவன் வீட்டு விஷயம்.

குழந்தை பிறந்த பத்தாம் நாள், சனிக்கிழமை, பிரஸ்ஸில் தகட்டை வெட்டும் டை உடைந்தது. ஞாயிறு கூட்டாளி வேலைக்கு வந்தே ஆகவேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. “நான் போறேன்ப்பா” என்று நானாகத்தான் சொன்னேன்.

“உசுரோட வேணும் சாமி. வாளில போட்டா எகிறிடும். மூடி போட்ட டின் எட்துனு போ. தலைக்குப் பின்னால கெட்டியா புடி, வழுக்கும்” என்றான்.

மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட பெயிண்ட் டின் ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விடிந்ததும் போனேன். ஏரி பாதி வற்றிக் கலங்கிக் கிடந்தது. வட்டத் தகட்டைப் போட்டேன். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. வெறும் பொழுதுபோக்காக இருந்தவரை மீன் மாட்டாவிட்டால் எனக்குக் கவலையே இருந்ததில்லை. அன்று ஒவ்வொரு வீச்சுக்கும் அந்தப் பெண் சுவரைப் பிடித்து நடப்பதுதான் கண்ணில் வந்தது. பெருமாளை வேண்டிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். என்னவென்று வேண்டுவது என்று கூச்சமாக இருந்தது.

பிறகு தூண்டிலை மீன் இருக்கும் என்று தோன்றிய இடத்திலேயே போடுவதற்குப் பதிலாக அல்லி இலைக்கு அந்தப் பக்கம் போட்டு, இலைமேல் ஏற்றி, இறங்கும் இடத்தில் ஒரு கணம் நிறுத்தினேன். தகடு தளர்ந்து கீழே இறங்கும்போதுதான் அடித்தது. டப்பா கையை விட்டுப் போகப் பார்த்தது. முழங்கால் சேற்றில் நின்று இழுத்துக் கரையில் போட்டேன். ஒரு முழம் நீளம் இருந்தது. அதைத் தலைக்குப் பின்னால் பிடித்து முள்ளைக் கழற்றினேன். “மன்னிச்சுக்கோ” என்று அதனிடம் சொன்னேன், வாய்விட்டே சொன்னேன். டின்னில் போட்டு மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

கூட்டாளி வீடு பூட்டியிருந்தது. தையல் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள், வர மத்தியானம் ஆகும் என்றார்கள் பக்கத்து வீட்டில். வாசலில் வைத்துவிட்டுப் போகலாம் என்றால் இரண்டு நாய்கள் என் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தன. வெயில் ஏறிவிட்டது. வேறு வழி தெரியாமல் எங்கள் வீட்டுக் கொல்லைக்கே கொண்டுவந்து, துணி துவைக்கிற கல்லின் நிழலில் வைத்தேன். அப்பா கோயிலில் இருந்தார். அம்மா உள்ளே இருந்தாள். மூடியை ஒரு செங்கல்லால் அழுத்திவிட்டுக் கால் கழுவப் போனேன்.

விரால் டின்னோடு சேர்ந்து உருண்டது. நான் ஓடி வருவதற்குள் செங்கல் ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம், மீன் துவைக்கிற கல்லுக்கு அருகே நெளிந்துகொண்டிருந்தது. அம்மா கொல்லை வாசற்படியில் நின்றிருந்தாள்.

“இது என்னடா?”

“விரால்.”

“பேரைக் கேக்கலை.”

இரண்டு வருஷப் பொய்யையும் அங்கேயே கொட்டினேன். எண்ணெய் போடும் முறை, ஜெர்மன்காரர், தகடு எல்லாம். அவள் முகம் இறுகிக்கொண்டே வந்தது. கடைசியில்தான் கூட்டாளியின் மனைவியைப் பற்றிச் சொன்னேன்.

“ஆபரேஷனா?” என்றாள்.

“ஆமாம். பத்து நாளாச்சு. பால் சரியா இல்லையாம்.”

அம்மா படியிலிருந்து கொல்லைக்கு இறங்கினாள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பிறந்த ஒரு குழந்தை, பால் இல்லாமல் நாற்பது நாளில் போய்விட்டது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவள் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை.

“அதை எடுத்து உள்ள போடு. வெயில்ல செத்துப் போயிடப் போறது” என்றாள்.

போட்டேன். டின்னில் தண்ணீர் முக்கால்வாசி கொட்டிப்போயிருந்தது. அம்மா கிணற்றில் ஒரு வாளி இறைத்து வந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, டின்னில் ஊற்றினாள். பாதி தண்ணீர் வெளியேதான் விழுந்தது. அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த பிரியத்தை எப்படிச் சொல்வதென்று இன்றும் தெரியவில்லை. பிறகு உள்ளே போய், பிரசவத்துக்குக் கொடுக்கிற லேகியத்தை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்தாள். காலையில் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு சாப்பிடச் சொல் என்றாள். நான் கிணற்றில் தலையோடு தீர்த்தமாடாமல் வாசற்படி ஏறக் கூடாது என்றும் சொன்னாள்.

மத்தியானம் டின்னையும் பாட்டிலையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். எளாவூர் அம்மா மூடியைத் திறந்து மீனின் கண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே எடுத்துப் போனாள். அதுவே பெரிய சர்டிஃபிகேட் என்றான் கூட்டாளி மறுநாள்.

அந்த வாரம் முழுக்க அம்மா மீனைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு நான் பேசாமல் வீட்டிலேயே இருப்பது என்று முடிவு செய்து, விடிந்த பிறகும் பாயில் புரண்டுகொண்டிருந்தேன். அம்மா சமையலறையிலிருந்து, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“ஏண்டா, ஒரு மீன் போறுமா அவளுக்கு?”