வற்றும் பால்

“பால் சுரக்காம இருக்க என்னடி செய்யணும்?” என்று வீரலட்சுமி அக்கா கேட்டபோது, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

வடமதுரைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் நாங்கள் இருவரும் ஒப்பந்தக் கூலிகள். அக்காவின் மகனுக்கு மூன்று மாதம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். ஆலையில் குழந்தைகளுக்கென்று ஓர் அறை இருக்கிறது. ஆனால் அது நிரந்தரப் பணியாளர்களுக்குத்தான். அதனால் மகன் வீட்டில் புட்டிப்பால் குடித்தான். அக்கா ஆலைக் கழிப்பறையில் பாலைப் பீய்ச்சிக் கொட்டினாள்.

“ஏத்தா, டீக்கடை வைக்கப் போறியா?” என்று அவளது நனைந்த சட்டையைப் பார்த்து சூப்பர்வைசர் சிரிப்பார்.

நேற்று அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மார்பில் அணைத்ததும் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு புட்டிக்காக அழுதான்.

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம்டி. இனிமே தானா வத்திரும்” என்றாள் அக்கா.

எதுவும் மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும், ஆலை நடத்துபவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அவரிடம் சொல்லுங்கள்.